நெல் ஊறிய தண்ணீர்

இல்லை, நாற்றம் போகவில்லை. போன சனிக்கிழமை மத்தியான பஸ்ஸில் வந்தேன். சீவலப்பேரி சாலையில் உங்கள் மில்லுக்கு முந்தின வளைவிலேயே அது ஏறிக்கொண்டது. நெல் ஊறிப் புளித்த தண்ணீரின் வாடை. முன் இருக்கைப் பெண் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அவிச்ச மில்லு வந்துட்டு. தூங்குதவியள எழுப்பவே வேண்டாம்" என்றாள். பஸ் முழுக்கச் சிரிப்பு. அந்த வாடைக்குள் இறங்கியவள் நான் ஒருத்திதான்.

நீ இருந்திருந்தால் அவளிடம் சண்டைக்குப் போயிருப்பாய். "நாத்தம்னு சொல்லாதிய. அது சாப்பாடு. திங்க ஆள் வரல, அவ்வளவுதான்."

பாளையங்கோட்டையில் நுண்ணுயிரியல் படித்தோம், ஒரே மேசையில். முடித்ததும் மற்றவர்கள் மருந்துக் கம்பெனி தேடிச் சென்னைக்குப் போனார்கள். நீ உன் அப்பாவின் மில்லுக்குத் திரும்பினாய். புழுங்கலரிசிக்கு நெல்லை ஊறவைத்து அவிக்க வேண்டும். ஊறிய தண்ணீரை நாள்தோறும் வாய்க்காலில் திறந்துவிட்டார்கள். கீழே வயல் வைத்திருந்தவர்கள் பயிர் கருகுகிறது என்று சண்டைக்கு வந்தார்கள். பிறகு மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். தண்ணீருக்கு வழி செய்யுங்கள், இல்லாவிட்டால் மில்லை மூடுங்கள் என்றார். உன் அப்பா, எனக்கு மாமா, விற்றுவிட முடிவு செய்தார். நீ ஒரு போகம் பொறுக்கச் சொன்னாய்.

நெல் காயப்போடும் பெண்களிடம் அவர் சொன்னது நினைவிருக்கிறது. "எம்மெஸ்ஸி படிச்ச பிள்ள சாக்கடைக்குக் காவல் இருக்கப் போறாளாம், கேட்டியளா?"

"காவல் இல்லப்பா. வேலைக்கு ஆள் வைக்கப் போறேன். சம்பளம் கெடையாது. லீவும் கெடையாது."

அப்படித்தான் நீ அவற்றைப் பற்றிப் பேசினாய். வேலையாட்கள் என்று. சிமெண்ட் தொட்டி ஒன்று, அதன்மேல் கவிழ்த்துவைத்த இரும்புக் கலம். தயிருக்கு உறைமோர் மாதிரி, விதைக்குச் சாணக் கரைசல், புளிப்பைக் குறைக்கக் கொஞ்சம் சுண்ணாம்பு. அதற்குள் ஊறல் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். காற்றில்லாத அந்த இருட்டில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் தண்ணீரிலுள்ள மாவையும் சர்க்கரையையும் தின்று வாயுவை விடும். வாயு சேரச் சேரக் கலம் உயரும். குழாய் வழியே அதை அடுப்புக்குக் கொண்டுபோகலாம். தண்ணீரும் தெளிந்து வெளியேறும். வகுப்பில் இதை நான் ஒரு படமாக வரைந்திருந்தேன். நீ கட்டினாய்.

வாரக்கணக்கில் ஒன்றும் நடக்கவில்லை. நான் எரிச்சல்பட்டேன். நீ தொட்டி விளிம்பில் உட்கார்ந்து, "அதுகளுக்கு அவசரம் தெரியாதுட்டி. பைய வரும்" என்றாய்.

வந்தது. பட்டப்பகலில் குழாயைத் திறந்து தீக்குச்சி வைத்தாய். வெயிலில் தீயே தெரியவில்லை.

"எங்கன எரியுது? எனக்கு ஒண்ணும் தெரியலியே."

மாமா தோள் துண்டின் நுனியை நீட்டிப் பார்த்தார். பற்றிக்கொண்டது. அவர் குதித்த குதியில் பெண்கள் நெல்லை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். மிதித்து அணைத்து, கருகிய நுனியைத் தூக்கிப் பார்த்து, "எரியத்தான் செய்யுது" என்றார். அன்றிலிருந்து அந்தத் துண்டோடுதான் டீக்கடைக்குப் போனார். "எங்க மில்லுத் தண்ணி எரியும் வே. பாத்திருக்கீரா?"

அதிகாரி மறுபடி வருவதாகத் தகவல் வந்த வாரத்தில் உனக்கு மஞ்சள் காமாலை. நான் ஆஸ்பத்திரியில் உன்னோடு இருந்தேன். மில்லில் மாமா மட்டும்.

உங்கள் வீட்டில் பெரிய ஆட்கள் வந்தால் தரையைப் பினாயில் விட்டுக் கழுவுவார்கள். உன்னைப் பெண் பார்க்க வந்தபோதும் அப்படித்தான். மாப்பிள்ளை என்னைப் பார்க்கவேயில்லை, தும்மிக்கொண்டே இருந்தார் என்று வகுப்பெல்லாம் சொல்லிச் சிரித்தாய். அந்த வாரம் மாமா தினமும் டப்பா டப்பாவாக ஊற்றினார். அதிகாரி மூக்கைப் பொத்தக் கூடாது. மகளுக்குக் கௌரவக் குறைச்சல் வந்துவிடக் கூடாது. மில்லின் கால்வாய் எல்லாம் உன் தொட்டிக்குத்தான் போகிறது. கிருமிகளைக் கொல்லும் என்று டப்பாவிலேயே எழுதியிருக்கிறது. தொட்டியில் இருப்பவை கிருமிகள் என்று அவருக்குத் தோன்றவில்லை. நீ வேலையாட்கள் என்றல்லவா சொல்லியிருந்தாய்.

கலம் இறங்கிவிட்டது. அதிகாரி வந்த அன்று ஒரு தீப்பெட்டி முழுக்கத் தீர்ந்தது. "இடத்தை நல்ல வாசமா வச்சிருக்கீங்க" என்றாராம் அவர். அடுத்த அறுவடை வரை தவணை கொடுத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் மாமா உன் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"எரிஞ்சுதாப்பா?"

"எரிஞ்சுது தாயி. நீலமா."

நீ அவர் கையைப் பிடித்து மூக்கருகில் கொண்டுபோனாய். கொஞ்ச நேரம் விடவில்லை.

"பினாயிலா ஊத்துனிய?"

அவர் சுவரைப் பார்த்தார். "ஆபீசர் வாராவளேன்னு..."

நீ சிரித்தாய். சிரிப்பு வயிற்றில் வலித்திருக்க வேண்டும், முகம் சுருங்கியது. பிறகு என் பக்கம் திரும்பினாய். "மேல இருக்கதக் கோரிக் கொட்டிருட்டி. அடியில கெடக்க வண்டலத் தொடாத. அதுல கொஞ்சமாச்சும் உசுரு இருக்கும்."

நீ வீட்டுக்கு வரவில்லை.

மேலே இருந்ததைக் கோரிக் கொட்டினேன். வண்டலைத் தொடவில்லை. புதுச் சாணம், சுண்ணாம்பு, கொஞ்சம் தண்ணீர். வாரநாட்களில் கல்லூரியில் இதையே கரும்பலகையில் எழுதுகிறேன். படி ஒன்று, படி இரண்டு. மாணவிகள் எழுதிக்கொள்கிறார்கள். சனிக்கிழமைகளில் உயராத கலத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறேன். உன்னிடம் சொல்வதற்கென்ன, எனக்கு அலுத்துவிட்டது. சில வாரங்களில் பஸ் நிற்காமல் போய்விட்டால் நன்றாயிருக்கும் என்று இருந்திருக்கிறது. மாமா மில் வாசலில் தொட்டிக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்திருப்பார். நிறுத்து என்றும் சொன்னதில்லை. "பஸ்ஸுக்கு நேரமாச்சு பாரு" என்பார். மில்லுக்கு விலை பேச ஆட்கள் வந்துபோய்க்கொண்டிருந்தார்கள்.

போன சனிக்கிழமை கலம் ஒரு சாண் உயர்ந்திருந்தது.

நான் அவரைக் கூப்பிடவில்லை. குழாயைத் திறந்து குச்சி வைத்தேன். வெயில். ஒன்றும் தெரியவில்லை. பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. மாமா தோளிலிருந்து துண்டை எடுத்தார். அதே கருகிய நுனி. நீட்டினார். பற்றியது. இந்த முறை குதிக்கவில்லை. கொஞ்சம் எரியவிட்டு, பிறகு தரையில் போட்டு மிதித்தார்.

"எரியுது" என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை.

அந்த வாயு ஒரு டீ போடக் காணும். நெல் அவிக்க எந்தக் காலத்தில் காணுமோ. ஆனாலும், விலை பேச வருகிறவர்களை அறுவடை கழித்து வரச் சொல்லப்போவதாகச் சொன்னார்.

சோப்புப் போட்டும் கை வாடை போகவில்லை. வகுப்பில் முன்வரிசை கொஞ்சம் பின்னால் சாய்கிறது. வீட்டில் பினாயில் வாங்க விடுவதில்லை, அம்மா திட்டுகிறாள். எதையாவது கழுவப் போகும்போதெல்லாம் அது எங்கே போய்ச் சேரும் என்று பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. உன்னிடமிருந்து ஒட்டிக்கொண்டது இவ்வளவுதான்.

திங்கட்கிழமை கல்லூரிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அந்த அதிகாரியின் அலுவலகத்துக்குப் போனேன். மில்லைப் பார்க்க மறுபடி வரும்படியும், வரும் நாளை முன்கூட்டிச் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டு வந்தேன்.