இந்த வாரம் லேப்டாப் உன் முறை

உன்னைக் கொன்றது சுண்ணாம்புக்கல் லாரி. கேம் இல்லை. போன் இல்லை. நீ யாரோ ஒரு பையனோடு பேசிக்கொண்டு நின்றாய் என்று ஊர் வாயில் புதிதாக முளைத்திருக்கிற கதையும் இல்லை. அளவுக்கு மீறிக் கல் ஏற்றிய ஒரு லாரி, முன்னால் போன இன்னொரு லாரியை முந்தப் பார்த்து, பஸ்ஸுக்காக ரோட்டோரம் நின்றிருந்த உன்மேல் ஏறியது. இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேச முடியும்.

இன்று காலை நம் லேப்டாப்பைக் கவிழ்த்துப் போட்டு அடிமூடியைக் கழற்றினேன். கொஞ்ச நாளாகவே விசிறி இரைந்துகொண்டிருந்தது. மூடியைத் தூக்கியதும் சூடேறிய பிளாஸ்டிக் வாடையோடு உன் வீட்டு வாடையும் வந்தது. விசிறியின் இறகுகளில் வெள்ளைத் தூசி அப்பியிருந்தது. பெரம்பலூரில் என் ஹாஸ்டலில் இந்தத் தூசி கிடையாது. இது அரியலூரில், உன் ஊரில், உன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து லேப்டாப் உள்ளே இழுத்த தூசி. பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு துடைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

இந்த மூடி திறக்கும் என்பதற்காகத்தானே இதைத் தேர்ந்தெடுத்தாய்.

திருச்சியில் அந்தக் கடை நினைவிருக்கிறதா. எந்த பிராசஸர், எந்த கிராபிக்ஸ் கார்டு, எந்த உடம்பு என்று சொன்னால் வரவழைத்து, ரேமும் மற்றதும் நம் இஷ்டப்படி மாட்டித் தருகிற கடை. பிளஸ் டூ முடிந்த விடுமுறை முழுக்க வீடியோ பார்த்துப் பார்த்து எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தோம். கடைக்காரர் நமக்குப் பின்னால் ஆண்பிள்ளை யாராவது வருகிறார்களா என்று வாசலைப் பார்த்தார்.

"யாருக்கும்மா, தம்பிக்கா?"

"எங்களுக்குதாண்ணே."

"காலேஜுக்குத்தானே. பொண்ணுங்களுக்கு இது போதும்மா. வெயிட்டே இருக்காது." ரோஜா நிறத்தில் ஒன்றை நகர்த்தி வைத்தார்.

நீ அதைத் தூக்கிக் கவிழ்த்துப் பார்த்தாய். "அடியில ஸ்க்ரூவே இல்லியேண்ணே. தூசி அடைச்சா எப்படித் தொறக்கறது?"

"இங்க கொண்டாங்க, நாங்க பாத்துக் குடுப்போம்."

"வாரா வாரம் கொண்டாரட்டுமா? எங்க ஊரு தூசிய நீங்க பாத்ததில்ல. காயப்போட்ட கருப்புப் பாவாட சாயங்காலம் வெள்ளையாயிடும்."

எனக்குப் பெரிய கிராபிக்ஸ் கார்டு வேண்டும். உனக்கு அதைவிட ஒரு படி குறைந்தது போதும், ஆனால் கனமான உடம்பும் இரண்டு விசிறியும் வேண்டும். அவர் முன்னாலேயே சண்டை போட்டோம். "பெரிய கார்ட ஒல்லி உடம்புல அடைச்சா, சூடு தாங்காம அதுவே வேகத்தக் கொறச்சுக்கும்டி. பேருக்குப் பெருசு, வேல செய்யறப்ப சின்னது. எங்க ஊரு தலைவரு மாதிரி" என்றாய். கடைக்காரரே சிரித்துவிட்டார். ரேமிலும் அவர் சொன்னதை நீ கேட்கவில்லை. இரண்டு சின்னத் துண்டாகப் போட்டால் வேகம் கூடும் என்றார். ஒரே துண்டு போதும், இன்னொரு இடம் காலியாகவே இருக்கட்டும் என்றாய். "எனக்கு வேல கெடச்சதும் நான் வாங்கி மாட்டிக்கறேண்ணே."

"எடிட்டிங்கா, டிசைனிங்கா? எதுக்கும்மா இவ்வளவு?"

"வெளையாட."

திரும்பி வரும் பஸ்ஸில் நான் கடிந்துகொண்டேன். "படிப்புக்குன்னு சொல்லியிருக்கலாம்ல?" என்றேன். நீ ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாய். "ஏன் சொல்லணும்? எங்க வூட்ல மூணு தலமொறையா நாத்து நட்டாங்க, களையெடுத்தாங்க, கல்லு ஒடச்சாங்க. ஒருத்தரும் வெளையாடல. நான் வெளையாடறேன். இதுக்கு யாருகிட்ட பர்மிஷன் கேக்கணும்?"

ஆளுக்கொன்று வாங்க நம்மால் முடியாது. இரண்டு பேருக்கும் ஒன்று. திருமானூரில் எங்கள் வயலுக்கு வாய்க்கால் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். யார் முறையோ அவரே மண்வெட்டியோடு வந்து மடையைத் திறந்துகொள்ள வேண்டும். பக்கத்து வயல்காரர் திறந்துவிட மாட்டார். அதையே இதற்கும் வைத்துக்கொள்ளலாம் என்று நான்தான் சொன்னேன். ஒரு வாரம் எனக்கு, ஒரு வாரம் உனக்கு. ஞாயிற்றுக்கிழமை மாறும். யார் முறையோ அவள் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். நான் அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்கு வருவேன், நீ பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு வருவாய். "எங்க வூட்டுக்கு முறைன்னு ஒண்ணு வர்றது இதுதான் மொத தடவ" என்றாய்.

எங்கள் அப்பா என்ன கேட்டார் என்பதை உன்னிடம் நான் சொன்னதில்லை. "கூட்டு சேர அந்தத் தெருப் பொண்ணுதான் கெடச்சுதா?" என்று கேட்டார். நீ சிரித்தபடி ஒருநாள் அதே வார்த்தைகளை என்னிடம் சொல்லிக் காட்டினாய். யாரும் சொல்லாமலே உனக்குத் தெரிந்திருந்தது.

உனக்குப் பிடித்தது அந்தக் கார் ஓட்டுகிற கேம். பனி பெய்கிற ஊர், யாருமே இல்லாத ரோடு. எல்லோரும் அதில் பறப்பார்கள். நீ சிவப்பு விளக்குக்கெல்லாம் நிற்பாய்.

"யாருமே இல்லியேடி. போயேன்."

"யாராவது நடந்து வந்தா?"

"கேம்ல யாரு நடந்து வருவா?"

"வந்தா?"

இப்போது எல்லோரும் சொல்கிறார்கள், கேம் விளையாடுகிற பிள்ளைகளுக்கு ரோட்டைப் பார்க்கத் தெரியாதாம். நீ வண்டி ஓட்டிக்கொண்டுகூட போகவில்லை. நின்றுகொண்டிருந்தாய். நிற்க அங்கே ஒரு நிழற்குடை இருந்தது. அதை வேறொரு லாரி இடித்துத் தள்ளி வெகு நாளாகிறது. யாரும் திரும்பக் கட்டவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை உன் முறை. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அரியலூர் பஸ் வந்து நின்றது. நீ இறங்கவில்லை. அடுத்த பஸ்ஸிலும் இல்லை. போன் செய்தேன். ஒரு ஆள் எடுத்தார். "யாரும்மா நீ? இந்தப் பொண்ணுக்கு நீ என்ன வேணும்?" என்று கேட்டார். சினேகிதி என்றேன். அவர் பக்கத்தில் யாரிடமோ ஏதோ சொன்னார். பிறகு, "பெரியவங்க யாராவது பக்கத்துல இருந்தா குடும்மா" என்றார்.

முறை வைக்காமல் நானே கொண்டு வந்து தந்திருந்தால் என்று யோசிக்கச் சொல்கிறார்கள். மாட்டேன். பஸ் ஸ்டாப்பில் நிற்பது குற்றமில்லை. அந்தக் கணக்கை என் தலையில் கட்டிவிட்டுக் கல் ஏற்றுகிறவர்கள் நிம்மதியாகத் தூங்க நான் விட மாட்டேன். ஆனாலும் அவர்கள் நிம்மதியாகத்தான் தூங்குகிறார்கள்.

சாலை மறியல் நடந்தது. வேகத்தடை போடுகிறோம், நிழற்குடை கட்டுகிறோம், பகலில் லாரியை நிறுத்துகிறோம் என்று அதிகாரிகள் மைக்கில் சொன்னார்கள். கூட்டம் கலைந்ததும் லாரிகள் வரிசையாகக் கிளம்பின. பிறகு ஒருநாள் அதிகாரிகள் இடத்தைப் பார்வையிட வந்தார்கள். அவர்கள் வருகிறார்கள் என்றால் தூசி அடங்க ரோட்டுக்குத் தண்ணீர் அடிப்பது வழக்கம்தானே. உன் அப்பாதான் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துத் தண்ணி லாரி டிரைவர். அன்றைக்கும் அவரைத்தான் கூப்பிட்டார்கள். நீ விழுந்த இடத்துக்கு உன் அப்பா தண்ணீர் அடித்துவிட்டுப் போனார். ஈரமான ரோட்டில் செருப்பு அழுக்காகாமல் அவர்கள் நின்று பேசிவிட்டுப் போனார்கள். வேகத்தடை இன்னும் வரவில்லை.

லேப்டாப்பை உன் வீட்டில் ஒப்படைக்கப் போனேன். உன் அம்மா அதை வாங்கவில்லை. "நீயே வச்சுக்கம்மா. இத வூட்ல வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?" என்றார். நான் கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொண்டார்.

"இதுலதான் வெளையாடுவாளா? எப்படி வெளையாடுவா, காட்டு."

திறந்து காட்டினேன். உன்னைப் போலவே மெதுவாக ஓட்டினேன். சிவப்பு விளக்கு வந்தது, நின்றேன். அம்மா திரையில் பனியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் வெள்ளையா கெடக்கு. ஆனா தூசியே இல்ல பாரு" என்றார்.

பச்சை விளக்கு விழுந்த பிறகும் என்னால் காரை எடுக்க முடியவில்லை.

அதற்குப் பிறகும் நான் படிக்கிறேன், பரீட்சை எழுதுகிறேன், இதே இயந்திரத்தில் பாட வேலைகளை முடிக்கிறேன். எல்லாம் நடக்கிறது. எதற்கு நடக்கிறது என்றுதான் தெரியவில்லை. வேலை கிடைத்ததும் அந்த இரண்டாவது ரேமை என்னை மாட்டச் சொல்கிறார்கள் தெரிந்தவர்கள். மாட்ட மாட்டேன். அது நீ விட்டு வைத்த இடம்.

இன்று விசிறியைத் துடைக்கவில்லை. காற்றுப் போகிற வழியை மட்டும் விலக்கிவிட்டேன். இறகில் ஒட்டியதை அப்படியே விட்டு, மூடியைப் போட்டு, ஸ்க்ரூக்களை முடுக்கினேன். சார்ஜ் ஏற்றிவிட்டேன். பையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்து, பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் அரியலூர் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு பஸ் வந்து எல்லோரும் இறங்கிவிட்டார்கள். கண்டக்டர் கதவைச் சாத்துகிறார்.

கொண்டு வந்து தருகிற வேலை என்னிடம் கிடையாது. அதுதான் நாம் வைத்த முறை. இன்று ஞாயிற்றுக்கிழமை. இந்த வாரம் உன்னுடையது. வந்து வாங்கிக்கொண்டு போடி.