கையுறையைக் கழற்றும் முறை

அன்புள்ள அக்காவுக்கு,

நலமறிய ஆவல் என்று எழுத வரவில்லை. இந்த ஃப்ளூ வார்டில் நர்ஸாக நீ படும் பாடு தெரியும். நேற்று போனில் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று கோபித்துக்கொண்டாய். நான் நின்ற இடத்தில் என்ன பேசினாலும் கதவுக்கு அந்தப் பக்கம் அவருக்குக் கேட்கும். மாடிப்படியில் மகள் வேறு காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதனால் எழுதுகிறேன். மருந்து வண்டிக்காரர் உன் கையில் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

அவருக்கு மூச்சு இழுக்கிறது. டாக்டர் வாசலோடு நின்று பார்த்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில்கூட இடமில்லை, அலைக்கழிக்காமல் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். டாக்டர் சொன்ன விதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. மகளிடம் சொல்லவில்லை.

எப்படித் தொற்றியது என்று கேட்டாய். காற்றில் வருகிற நோய்க்கு இதுதான் காரணம் என்று விரல் நீட்டிச் சொல்ல முடியாது. ஆனால் ஒன்று மட்டும் கண்ணிலேயே நிற்கிறது. நம் மருந்துக் கடையில் மாத்திரை போடும் காகித உறையைப் பிரிக்க விரலை நாக்கில் தொட்டுக்கொள்வாரே, கையுறை போட்ட பிறகும் அதையே செய்தார். ஊரார் நீட்டிய சீட்டையெல்லாம் வாங்கிய அதே விரல். நீ வந்திருந்தபோது பார்த்துவிட்டு, "என்ன மாப்பிள்ளை, ரப்பர் ருசியா இருக்கா? உப்பு போதுமா?" என்றாய். "உங்க தங்கச்சி சமையலுக்கு இது தேவலை அண்ணி" என்றார். கடையே சிரித்தது. காலையில் போட்ட ஜோடியைக் கடை மூடும்போதுதான் கழற்றுவார். போட்டாலே கை சுத்தம் என்று நம்பியவர். ஊருக்கெல்லாம் கையுறை விற்றவரும் அவர்தான்.

நான் நீ காட்டியபடிதான் செய்கிறேன். முகக்கவசம், திறந்த ஜன்னல். அவரைத் துடைத்துத் துணி மாற்றியதும், கையுறையை மணிக்கட்டில் பிடித்து உள்பக்கம் வெளியே வரும்படி உரித்து, அதை மறு கைக்குள் சுருட்டி, அடுத்ததை அதன்மேலேயே உரித்து, மூடி போட்ட வாளியில் போடுகிறேன். பிறகு சோப்பு. கை வெடித்து எரிகிறது. எனக்காக இல்லை. மேலே இருப்பவள் வயிற்றுப் பிள்ளைக்காரி. அவளுக்குச் சோறு கொண்டுபோவதும் இதே கைகள்தான்.

நேற்று மாலை அவர், "அதைக் கழட்டிட்டு ஒரே ஒரு தடவை நெத்தியில கை வையேன்" என்றார். என்னிடம் எதற்கும் கெஞ்சாத மனிதர். நான் வகுப்பு எடுப்பதுபோல ஏன் கூடாது என்று விளக்கினேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "சரிங்க டீச்சர்" என்றார். கையுறையோடு வைத்தேன். நெற்றியைச் சுளித்துச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வைத்துவிட்டுக் கை கழுவினால் போயிற்று என்பாய். உண்மைதான். எனக்கு என்மேல்தான் நம்பிக்கை இல்லை அக்கா. ஒருமுறை வைத்தால் எடுக்க மாட்டேன். முகத்தோடு முகம் வைத்து அங்கேயே கிடப்பேன். பிறகு மகளை யார் பார்ப்பது?

அவரைப் பார்க்க நீ வர வேண்டாம். பார்த்து ஆகப்போவது எதுவுமில்லை என்பது என்னைவிட உனக்குத் தெரியும். மகளை அழைத்துப்போக வா. அவள் புருஷன் வேலை செய்யும் கப்பலைக் கரைக்கு விடவில்லை. பஸ்ஸும் ஓடவில்லை. உங்கள் ஆஸ்பத்திரி வண்டிக்கு மட்டும்தான் அனுமதி. அவளுக்கு இதுவரை காய்ச்சல் இல்லை. இருந்தாலும் உன் வீட்டுப் பின்னறையில் தனியாகவே வை. அப்பாவை விட்டு வர மாட்டேன் என்று முரண்டு பிடிப்பாள். நான் சொன்னால் ஏன் எதற்கு என்று கேட்பாள். பெரியம்மா அதட்டினால் கிளம்பிவிடுவாள்.

பிள்ளை உன் கையில் நல்லபடியாகப் பிறக்கட்டும்.

கையுறைப் பெட்டி எதுவும் கொண்டுவராதே. இங்கே இருக்கும் பெட்டியின் அடியில் கொஞ்சம் கிடக்கிறது. அவள் படியிறங்கிப் போகும்வரை எனக்கு அது போதும்.

அவருக்கு நினைவு இருக்கும்போதே வா அக்கா.

உன் தங்கை