எனக்கு விழுந்த ஜெபச் சீட்டு

3 ஜூன் 1984, ஞாயிறு
வெயில். தோல் பதனிடும் ஷாப் நாற்றம் காலையிலேயே. கோயிலில் நான்கு ஸ்தோத்திரக் காணிக்கைக் கவர் போட்டேன். பெரிய பேரன் தாவீது ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர், ஒன்று. பேத்தி ஸ்டெல்லா பிளஸ் டூ பாஸ், ஒன்று. சின்னப் பேரன் ஜான்சனுக்கு பைபிள் வசனப் போட்டியில் முதல் பரிசு, ஒன்று. கைக்குழந்தைக்குப் பல் முளைத்தது, ஒன்று. பாஸ்டர் நான்கையும் சேர்த்து, "சகோதரி குடும்பம் பெற்ற சகல நன்மைகளுக்காக" என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டார். எதிர்வீட்டுக் கிருபையின் கவரை மட்டும் நிறுத்தி நிதானமாகப் படித்தார். பேத்தி ரெபேக்காள் பிளஸ் டூ பாஸாம்.

மாலை பெண்கள் சங்கம். அவரவர் விண்ணப்பத்தைச் சீட்டில் எழுதிச் சொம்பில் போட வேண்டும். யார் சீட்டு வருகிறதோ அவர்களுக்காகப் பதினான்கு நாள் ஜெபம், யாருக்கும் சொல்லக்கூடாது. நான் போட்டது: ஸ்டெல்லாவுக்கு நர்ஸ் படிப்புக்குச் சபைக் கடிதம். எனக்கு வந்தது கிருபை கையெழுத்து: ரெபேக்காளுக்கு நர்ஸ் படிப்புக்குச் சபைக் கடிதம்.
சபை கொடுப்பது வருஷத்துக்கு ஒரே சிபாரிசுக் கடிதம். அது இல்லாமல் படிப்பில் இடம் கிடைக்காது.

5, செவ்வாய்
மண்ணெண்ணெய், புளி, தைலம் வாங்க.
ஜெபம். "ரெபேக்காளுக்கு நல்ல சுகம் தாரும்." இரண்டு தரம். கடிதம் என்ற இடத்தில் வாய் வரவில்லை. ஸ்டெல்லா பார்த்துவிட்டு, "இன்னா ஆயா, பல்லு வலியா?" என்றாள்.
பிறகு ஒரு யோசனை. அந்தப் பிள்ளைக்கு நல்ல மாப்பிள்ளை சீக்கிரம் வரட்டும் என்று கேட்டேன். அதுவும் நன்மைதானே? மருந்து நாற்றம் எதற்கு அதற்கு? முழங்கால் போட்டுக் கண்ணீரோடு கேட்டேன். என் சொந்தப் பிள்ளைகளுக்குக்கூட இப்படிக் கேட்டதில்லை.

8, வெள்ளி
தூறல். திமிரி ஊரிலிருந்து ரெபேக்காளைப் பெண் பார்க்க வந்துவிட்டார்கள்! மூன்றே நாளில். என் முழங்கால் வலிக்குப் பதினோரு வருஷமாகக் கேட்கிறேன்.
சாயங்காலம் கிருபை மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தாள்.
"எம் புள்ள படிப்பு போதும்ன்றான்க்கா. ரெபேக்கா காலைலருந்து பச்சத்தண்ணி குடிக்கல."
"மாப்ள எப்டி?"
"தங்கமான பையன். அதான் பேஜாரு. ஒரு கொற சொல்ல முடில. எவ கண்ணு பட்டுச்சோ!"
அவள் போனதும் கதவைச் சாத்தி மண்டியிட்டேன். ஆண்டவரே, உமக்குத் தெரியாததா. அவளுக்கு மாப்பிள்ளை கேட்கிற சாக்கில் ஸ்டெல்லாவுக்குக் கடிதம்தான் கேட்டேன். அந்தப் பையனுக்கு வேறு நல்ல பெண் கொடும். கடிதம் ரெபேக்காளுக்கே வரட்டும். சீட்டில் எழுதியபடி ஒரே தரம் சொன்னேன். ஆமென் வர நேரமாயிற்று.

11, திங்கள்
ஜெபம் மட்டும் போதாது என்று பட்டது. கெடுத்தது நான். கிருபை மகனிடம், அதான் ரெபேக்காளின் அப்பனிடம், போனேன்.
"உன்ன தொட்டில்ல ஆட்டுனவடா நானு. அந்தப் புள்ளய படிக்க வுடு."
"பெரிம்மா, உங்க ஸ்டெல்லாவும் அதே லெட்டருக்குத்தான நிக்குது?"
"நிக்கட்டும். அதுக்கு காலு கீது."
தலையைச் சொறிந்தான். இப்போது கல்யாணம் வேண்டாம் என்று திமிரிக்கு ஆள் அனுப்புவதாகச் சொன்னான்.

17, ஞாயிறு
கடிதம் ரெபேக்காளுக்கு. ஸ்டெல்லா சமையலறையில் அழுதாள். நானும். பிறகு அவள் இரண்டு தட்டு சோறு தின்று, டீச்சர் டிரெயினிங் பாரம் எழுத உட்கார்ந்தாள். நான் தின்னவில்லை.
சங்கத்தில் சீட்டு யாருடையது என்று சொல்லும் நாள். எழுந்து சொன்னேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். கிருபை கட்டிக்கொண்டாள்.
பாஸ்டரம்மா, "எப்படி ஜெபிச்சீங்க, சாட்சி சொல்லுங்க" என்றார்.
"பதினாலு நாளும் பண்ணேன்" என்று உட்கார்ந்துவிட்டேன். எந்த நாளில் என்ன என்று யாரும் கேட்கவில்லை. ஆண்டவரும் நானும் அறிவோம்.

2 ஜூலை, திங்கள்
மழை. ரெபேக்காளை ரயில் ஏற்றப் போனோம். கிருபை அழுகை. நான் ஜன்னலோரம் போய்ச் சொன்னேன்:
"யூனிபாரம் போட்டதும் போட்டோ புடிச்சி எனக்கு ஒண்ணு தபால்ல போடு."
"உங்களுக்கு எதுக்கு ஆயா?"
"உனக்கு ஜெபம் பண்ணவ நானு. தெருவுல காட்ட வாணாவா? பழசு அனுப்பாத. தொப்பி வச்சி, புதுசா புடிச்சி அனுப்பு."