மைனா இனி எழுந்திருக்க மாட்டாள், காதர் அண்ணே

என்னைத் தம்பி என்று கூப்பிட்டு, கடைசிவரை தம்பியாகவே வைத்திருந்த காதர் அண்ணனுக்கு,

நாளைக் காலை ஏழு மணிக்கு மாட்டாஸ்பத்திரி டாக்டர் துப்பாக்கியோடு பரவையில் என் வீட்டுக்கு வருகிறார். மைனா படுத்து இன்றோடு மூன்று நாள் ஆகிறது. இனி எழுந்திருக்க மாட்டாள் என்று நேற்று சொல்லிவிட்டுப் போனார்.

உங்கள் குதிரையைப் பற்றிய இந்தச் செய்தியை உங்களுக்குச் சொல்ல வேண்டியவன் நான்தான். ஆனால் செய்தியை மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்க முடியாது. அவள் ஏன் படுத்தாள் என்பதையும் சொல்ல வேண்டும். உங்கள் மனைவியான மதினியிடம் அதை நான் இன்னும் சொல்லவில்லை. சொல்லவில்லை என்பது பாதி உண்மைதான். அவர் கேட்டபோது மாற்றிச் சொன்னேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

உங்களை அறியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும். அதனால் நீங்கள் யார் என்று உங்களுக்கே கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் கடைசி பெஞ்சுக்கும் புரிய வேண்டும் என்று பேசியே பழகிவிட்டது.

நான் கொட்டாம்பட்டிப் பக்கம் வாத்தியாராக இருந்த காலத்தில், நீங்கள் சுகாதார இன்ஸ்பெக்டர். மைனா மேல் ஏறி ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளுக்கு அம்மை குத்துவீர்கள். குளம்புச் சத்தம் கேட்டாலே பள்ளிக்கூடத்தில் பாதிப் பேர் சுவரேறிக் குதித்துவிடுவார்கள். "டேய், ஊசிக்காரரு வாராருடா" என்று ஒருவன் கத்தினால் போதும், கம்மாய்க்கரை வரை ஓட்டம்தான்.

ஒருநாள் நீங்கள் ஊசியை எடுக்கவே இல்லை. மைனாவைப் பள்ளிக்கூட வாசலில் நிறுத்திவிட்டு நிழலில் உட்கார்ந்தீர்கள். "குத்திக்கிட்டவனுக்குக் குதிரைச் சவாரி. குத்திக்காதவன் நின்னு வேடிக்கை பாத்துட்டுப் போகலாம்" என்றீர்கள். ஒருவன் வந்தான். அப்புறம் ஒன்பது பேர். சாயங்காலத்துக்குள் ஊரே வரிசையில் நின்றது. ஒரு தாய் மட்டும் பிள்ளையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, "ஆத்தா கோவிச்சுக்கிருவா சாயபு" என்றாள். "ஆத்தாவைக் கேட்டுக்கிட்டுத்தான் வாரேன், கைய நீட்டச் சொல்லு" என்றீர்கள். அவள் சிரித்துவிட்டாள். பிள்ளை கையை நீட்டிவிட்டான்.

இன்றைக்கும் கொட்டாம்பட்டியிலிருந்து அழகர்கோவில் வரை எந்த ஊரில் போய்க் கேட்டாலும், இடக்கையில் தழும்பு உள்ளவர்கள் மைனா மேல் பத்தடி தூரமாவது உட்கார்ந்து போனவர்களாக இருப்பார்கள். அவர்களில் எத்தனை பேர் உயிரோடு இருப்பதற்கு அந்தப் பத்தடி காரணம்?

மைனாவுக்கு மூட்டு வலி வந்தது உங்கள் உத்தியோகத்தின் கடைசி வருஷங்களில். முன்னங்கால் முட்டி இரண்டும் தேங்காய் மூடி கவிழ்த்த மாதிரி வீங்கின. காலையில் முதல் இருபது அடி மரக்கால் வைத்த மாதிரி எடுத்து வைப்பாள். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக இளகும். கிணற்று ராட்டினத்தை நான் அப்போது உங்களுக்கு உதாரணம் சொன்னேன், நினைவிருக்கிறதா? முதல் நாலு வாளிக்குக் கிறீச்சிடும், பிறகு தானாக ஓடும். "அப்ப தண்ணி இறைக்கிறத நிறுத்தக் கூடாது, அதானே வாத்தியார் சொல்றது?" என்று கேட்டுச் சிரித்தீர்கள். உதாரணத்தைச் சொன்னவன் நான். புரிந்துகொண்டவர் நீங்கள்.

அதன்பிறகு பாதி வழி அவள் உங்களைச் சுமந்தாள். மீதி வழி நீங்கள் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தீர்கள். கல் ரோட்டை விட்டு வண்டிப்பாதை மண்ணில் போனீர்கள். லாடம் அடிப்பவரிடம் சொல்லிக் குளம்பின் முன்பக்கத்தைக் குறைத்துச் சீவ வைத்தீர்கள், கால் சுலபமாக மடங்கட்டும் என்று. கொள்ளு ஒரு வேளைக்கு இரண்டு கைப்பிடி. மற்றபடி புல். விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் தெரியக் கூடாது என்பீர்கள்.

போன வருஷம் ஐப்பசியில் காய்ச்சலில் படுத்தபோது, என்னையும் உங்கள் குதிரைக்காரர் மொக்கையனையும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னீர்கள். "தம்பி, பட்டணத்துல கல்லுப் பாவுன சந்துக்குள்ள அவ இருக்க வேணாம். பரவைக்குக் கூட்டிட்டுப் போயிருங்க. தினம் நடத்துங்க. கொழுக்க விடாதீங்க. தானா எந்திரிக்க முடியாமப் போச்சுன்னா, கெடக்க விடாதீங்க." மூன்று நாளில் நீங்கள் போய்விட்டீர்கள்.

செய்ததையெல்லாம் முதலில் சொல்கிறேன். அதற்கும் கணக்கு உண்டு என்று என் மனசு ஏங்குகிறது. வைகையிலிருந்து ஆற்று மணல் கொண்டுவந்து கொட்டகையில் முழங்கால் ஆழத்துக்குப் போட்டேன். படுத்தாலும் எழுந்தாலும் முட்டி உரசாது. மழைக்காலத்தில் உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தோம். நொச்சி இலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரைப் பொறுக்கும் சூட்டில் ஊற்றினோம். நல்லெண்ணெயில் கற்பூரம் கரைத்துத் தேய்த்து, கம்பளித் துணி சுற்றினோம். மொக்கையன் தினமும் விடிந்ததும் அவளை ஆற்றங்கரை வரை நடத்திக் கூட்டிவந்தார். பங்குனி வரை நன்றாகவே இருந்தாள்.

சித்திரையில் திருவிழாவுக்கு ஜனங்கள் வந்தார்கள். நீங்கள் போய்விட்ட செய்தி அப்போதுதான் பல ஊர்களுக்கும் தெரிந்தது. மைனா பரவையில் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டுத் தேடி வந்தார்கள். வெறுங்கையோடு யாரும் வரவில்லை. அவித்த கொள்ளு, வெல்லக்கட்டி, கம்பங்கூழ்கூட. கொட்டாம்பட்டியிலிருந்து வந்த ஒரு பெண் தன் கையைத் திருப்பி எனக்குத் தழும்பைக் காட்டினாள். "எங்க வீட்டுல நாலு பேரு. ஊசி போட்டுக்கிட்ட நான் மட்டுந்தான் மிச்சம். சாயபுக்கு நான் என்னத்தச் செய்ய? இவளுக்காச்சும் ஒரு வாய் குடுத்துட்டுப் போறேன்" என்றாள். அந்தக் கையை எப்படித் தட்டிவிடுவது?

ஒருத்தியின் கையைத் தட்டவில்லை, சரி. திருவிழா முடிந்த பிறகும் சந்தை நாள்தோறும் வந்தார்களே, அவர்களையும் தடுக்கவில்லை. மொக்கையன் தீனி வாளியை மறைத்து வைப்பார். நான் எடுத்து வெளியே வைப்பேன்.

உண்மையைச் சொன்னால், அவர்கள் வருவது எனக்குப் பிடித்திருந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு என் வாசலுக்கு யாரும் வருவதில்லை. இப்போது பாய் விரித்து, மோர் கொடுத்து, உங்கள் கதைகளைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர்கள் உங்களைப் புகழ்ந்ததில் ஒரு பங்கை நானும் எடுத்துக்கொண்டேன். அதற்கு விலையாக மைனாவின் வயிற்றில் கொள்ளு போய்க்கொண்டிருந்தது.

ஆனியில் அவள் விலா கையில் தட்டுப்படவில்லை. ஆடியில் நொண்டத் தொடங்கினாள். அப்போது நான் அடுத்த தப்பைச் செய்தேன். நடையை நிறுத்தினேன். எனக்கும் முழங்கால் வலி உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். நாற்காலியில் உட்கார்ந்தால் எனக்குச் சுகமாக இருக்கிறது, அவளுக்கும் அப்படித்தானே இருக்கும் என்று நினைத்தேன். என் காலை வைத்து அவள் காலை அளந்தேன்.

மொக்கையன் சும்மா இருக்கவில்லை. "வாத்தியாரய்யா, நடத்தாமப் போட்டா முட்டி பூட்டிக்கிரும். சாயபு என்ன சொன்னாரு?"

"நல்லா இருக்கிற காலுக்குச் சொன்னார். இப்போது வீங்கியிருக்கே, தெரியலையா?"

"வீங்குனதே இம்புட்டுத் தீனியினால. கொஞ்சம் இளைக்கட்டும். மெதுவா மண்ணுல நடக்கட்டும்."

"வலியோடு நடத்தச் சொல்றியா? உனக்கு மனசு இல்லையா?"

"மனசு இருக்குய்யா. அதான் சொல்றேன்" என்றார். நடத்த வேண்டாம் என்று சொல்லி முடித்துவிட்டேன். நாற்பது வருஷம் வகுப்பில் கடைசி வார்த்தை என்னுடையதாகவே இருந்து பழகிவிட்டது, அண்ணே. அன்றைக்கும் அப்படித்தான். ஆவணி, புரட்டாசி, ஐப்பசி மூன்று மாசமும் அவள் கொட்டகையிலேயே நின்றாள்.

கார்த்திகை மழையில் ஒரு காலையில் எழவில்லை. தெருவில் எட்டுப் பேரைக் கூப்பிட்டோம். சாக்குகளைத் தைத்து வயிற்றுக்கடியில் விட்டு, இரண்டு மூங்கில் கொடுத்துத் தூக்கினார்கள். "தூக்கு மாப்ள, அந்தப் பக்கம் சாயுது பாரு", "கால விடு, மிதிக்கப் போகுது" என்று ஒரே சத்தம். இப்போது யுத்தத்தில் பெட்ரோல் இல்லை. திண்டுக்கல் பஸ் கரி வாயுவில் ஓடி வழியெல்லாம் நின்றுவிடும், ஏறியவர்களே இறங்கித் தள்ள வேண்டும். "பஸ்ஸத் தள்ளித் தள்ளிப் பழகுனது நல்லதாப் போச்சு" என்று ஒருவன் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். மைனா நடுங்கிக்கொண்டு நின்றாள். சாயங்காலம் வரை நின்றாள். மறுபடி விழுந்தவள் எங்களைத் தூக்க விடவில்லை. தொட்டாலே பல்லைக் கடித்தாள். விலாப்பக்கம் புண் விழுந்துவிட்டது. தலையை மட்டும் நிமிர்த்தி வாசலைப் பார்க்கிறாள்.

டாக்டர் வந்து முட்டியை மடக்கிப் பார்த்தார். மடங்கவில்லை. "மூட்டு வலியால குதிரை சாகாதுய்யா. இந்த எடையை ஏத்தி, நின்ன இடத்துலயே நிக்க வச்சதுதான். எத்தன மாசமா நடக்கல?" என்று கேட்டார். மூன்று மாசம் என்றேன். அவர் கையைக் கழுவிக்கொண்டு நாளைய நேரத்தைச் சொன்னார்.

அவர் போன பிறகு மதினி கூண்டு வண்டியில் வந்தார். மணலில் உட்கார்ந்து மைனாவின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "எனக்கும் இவளுக்கும் ஆகாது தம்பி, தெரியுமா? வீட்டுக்கு வந்தா என்கிட்ட ரெண்டு வார்த்தை, இவகிட்ட அம்புட்டுப் பேச்சு. சக்களத்தின்னே கூப்பிடுவேன். அவுக மவுத்தான பொறவு, அவுக பேசுனதெல்லாம் கேட்டவ இவ ஒருத்திதான்னு தோணுது" என்றார். பிறகு, "அவுக சொன்னபடி செஞ்சிருங்க. கெடக்க விட வேணாம்" என்றார்.

எழுந்திருக்கும்போது என்னைக் கேட்டார். "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க தம்பி. அவுக இருந்திருந்தா, இவ இன்னும் நடந்திருப்பாளா?"

"இல்லை மதினி. வயசாகிவிட்டது" என்றேன்.

"பெத்த புள்ள மாதிரிப் பாத்துக்கிட்டீக. அல்லா ஒங்களுக்கு நல்லதக் குடுப்பான்" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.

மொக்கையன் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். வண்டி திரும்பியதும் சொன்னார்: "பள்ளிக்கூடத்துல பொய் சொன்னா முட்டி போட வைப்பீகளாமே வாத்தியாரய்யா." பிறகு எழுந்து வாளியை நிமிர்த்தி வைத்தார். "நான் யார்கிட்டயும் சொல்லப் போறதில்ல. நீங்க சொல்லுங்க" என்றார்.

ஏன் பொய் சொன்னேன்? மதினி மனசு நோகக் கூடாது என்று சொன்னதாக நேற்று ராத்திரி முழுக்க எனக்கே சொல்லிக்கொண்டேன். அது இல்லை. அந்தக் கொட்டகையில் உங்களுக்கு அடுத்த நல்லவனாக இன்னும் ஒருநாள் நின்றுகொள்ளலாம் என்று பார்த்தேன். வேறொன்றும் இல்லை.

வயதான குதிரை வைத்திருக்கிறவர்கள் இதைப் படித்தால், நான் மேலே எழுதிய மணலையும் ஒத்தடத்தையும் எடுத்துக்கொள்ளட்டும். அதைவிட முக்கியமாக, தினம் விடிந்ததும் கடிவாளத்தைப் பிடித்து நடக்கட்டும். பிரியமாக வருகிற கையில் கொள்ளு இருந்தால் பணிவாக வாங்கி எடுத்து வைத்துவிடட்டும். எனக்கு அது வரவில்லை.

அண்ணே, நாளைக்கு மொக்கையன் தான் தலையைப் பிடித்துக்கொள்வதாகவும், நான் உள்ளே போய்விடலாம் என்றும் சொல்கிறார். போக மாட்டேன். கடிவாளக் கயிறு என் கையில் இருக்கும். மதினியின் வண்டி ஆறரை மணிக்கெல்லாம் வந்துவிடும். டாக்டர் வருவதற்கு அரை மணி நேரம் இருக்கும். மைனா உயிரோடு இருக்கும்போதே, அவள் எதிரிலேயே, மதினி கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வேன். நீங்கள் இருந்திருந்தால் அவள் இன்னும் நடந்திருப்பாள் என்று சொல்வேன். அதற்குப் பிறகு மதினி என் வாசலுக்கு வராமல் போனாலும், என்னைத் தம்பி என்று கூப்பிடாமல் போனாலும், சொல்வேன்.

அவர் கூப்பிடாவிட்டாலும்,
உங்கள் தம்பி,
சுந்தரம்,
பரவை.