மேலாளரை ஒன்பது முறை சுட்டது

14 ஜூலை 2007, சனி

சிறுசேரி அலுவலகத்தில் சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. இன்று குழுவோடு மாமல்லபுரம் சாலையில் லேசர் துப்பாக்கி விளையாட்டுக்கு அழைத்துப் போனார்கள். எதிரணியில் எங்கள் மேலாளர். என் அணியின் பழைய ஆட்கள் இருட்டில் சுவரைக்கூடச் சுட்டார்கள், அவரைச் சுடவில்லை. பாவம், குறி பார்க்கத் தெரியவில்லை என்று நினைத்து நானே ஒன்பது முறை சுட்டேன்.

வெளியே வந்ததும் பக்கத்து மேசை பாஸ்கர் கேட்டான்: "இன்னா மச்சான், அவரையா சுட்டுக்கினு இருந்த? அடுத்த மாசம் உன் வேலைய நிரந்தரமாக்குற கன்ஃபர்மேஷன்ல அவருதான கையெழுத்து போடணும்?"

மேலாளர் சிரித்துக்கொண்டே என் தோளில் தட்டினார். பிறகு, யார் யாரை எத்தனை முறை சுட்டார்கள் என்று அங்கே கணினி எடுத்துத் தரும் அச்சுத்தாளைக் கேட்டு வாங்கி, நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வேறு யாரும் அதைக் கேட்கவில்லை.

திரும்பும்போது வேனில் என் பக்கத்து இருக்கை காலி. பாஸ்கர் நின்றுகொண்டே வந்தான்.