லைனர் வந்துவிட்டது, அண்ணா

அண்ணா,

இன்று கப்பலில் உன் பெயருக்கு ஒரு பார்சல் வந்தது. பழுப்புத் தாளைப் பிரித்ததும் புது பிரேக் லைனரின் வாடை வீடு முழுக்கப் பரவியது. மெட்ராசுக்கு எழுதிப் போட்டுவிட்டு நீ காத்திருந்தாயே, அதேதான். நீ போன பிறகு வந்திருக்கிறது.

அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எதுக்கு? பிரேக்கு நல்லாத்தான பிடிக்குது?" என்றார். பக்கத்துப் பட்டறைக்காரர் உன் மோட்டார் சைக்கிளின் பிரேக்கை மிதித்து, பின்சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். "ஏக்தம் டீக் ஹை, சாச்சா" என்றார். ஒரு குறையும் இல்லையாம்.

அப்பாவின் முகம் மலர்ந்தது. நீ போனதிலிருந்து அப்படிப் பார்க்கவில்லை. "எம்மவன் வண்டிய வச்சிருந்த மாதிரி இந்தத் தீவுல ஒருத்தன் வச்சிருக்க மாட்டான்" என்றார். நாளைக் காலையில் அம்மாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, மின்னி பேயிலுள்ள சித்தி வீட்டுக்கு அதில் போகப்போகிறார். நான் லைனரை மறுபடி பழுப்புத் தாளில் சுற்றி வைத்தேன்.

அந்த மழைநாள் உனக்கு நினைவிருக்கும். நடுப்பகலே இருட்டிக் கிடந்தது. பிரேக்கை அழுத்தும்போது சக்கரத்தின் மேலுள்ள சின்ன இரும்புக் கையும் பிரேக்கிலிருந்து வரும் நீளக் கம்பியும் 'ட' எழுத்துப் போல நிற்க வேண்டும், அதைத் தாண்டிச் சாய்ந்தால் உள்ளே லைனர் தேய்ந்துவிட்டது என்றாய். அன்று நன்றாகவே சாய்ந்திருந்தது. கப்பலோ வரவில்லை. பால்பவுடர் டப்பாவிலிருந்து தகரம் வெட்டி, மடித்து, உள்ளே லைனர் ஒட்டிய கட்டையின் நுனியில் செருகினாய்.

"டார்ச்ச நேராப் பிடிட்டி, தூங்குமூஞ்சி! கை என்னா இந்த ஆட்டம் ஆடுது?"

சக்கரத்தை மாட்டி மிதித்தாய். இரும்புக் கை மறுபடி 'ட'வாக நின்றது. தேய்ந்த லைனர் வெளியே தெரியாமல் தேய்ந்தபடியே உள்ளே இருந்தது.

"கப்பல் வர்ற வரைக்குந்தான். அப்பாட்ட சொல்லிராத, வண்டியவே வித்துருவாரு."

"அம்மா ஏறுனா?"

நீ துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாய்.

கடைசியாகக் காய்ச்சலில் படுத்திருந்தபோதும் "கப்பல் வந்துருச்சாட்டி?" என்று கேட்டாய். "ஒனக்கு எப்பவும் வண்டி நெனப்புத்தான்" என்று வெடுக்கென்று சொன்னேன். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். அன்று நீ வண்டியை நினைத்துக் கேட்கவில்லை, அம்மாவை நினைத்துத்தான் கேட்டாய் என்பது இன்று பார்சலைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்த ஒரு சொல்லைத் திரும்ப எடுக்க வழியில்லை.

அம்மா புரண்டு படுக்கிறாள். விளக்கின் திரியைக் குறைத்துவிட்டேன்.

வண்டிச் சாவி என் தலையணைக்குள் இருக்கிறது. விடிந்ததும் அப்பா கத்துவார். அடித்தாலும் அடிப்பார். அதைவிட, மலர்ந்த அந்த முகம் என்ன ஆகுமோ என்றுதான் பயமாக இருக்கிறது. ஆனால் வழியிலுள்ள புரோத்ராபூர் இறக்கத்தில் அந்தத் தகரத்தை நம்பி அம்மாவை அனுப்ப என்னால் முடியாது. தகரம் வைத்தது நீதான் என்று சொல்லிவிடுவேன். அதற்கு முன்னால் பார்சலை அவர் கையில் கொடுப்பேன். இதை எழுதி வரவழைத்ததும் நீதானே.

பட்டறைக்காரர் சக்கரத்தைக் கழற்றும்போது டார்ச்சை நான்தான் பிடிப்பேன், அண்ணா. நேராகவே பிடிப்பேன்.