தண்டுக்கு எட்டாத தோள்

உன் மகள் இன்று காலை, நீ போட்டியில் வீசுகிற வட்டைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். மரம் வெடித்திருக்கிறது, இரும்பு விளிம்பெல்லாம் துரு. ஆனால் உன் விரல் பட்ட இடத்தில் அந்த அரக்குச் சாயம் இன்னும் போகவில்லையடா. உன் காரியம் முடிந்து நாலு நாள்தான் ஆகிறது. வட்டை முகர்ந்து பார்த்தேன். துரு வாசனைதான் வந்தது.

சாயப்பட்டறையில் ஈரப் பட்டு நூலை முறுக்கிப் பிழிந்தே வந்த தோள் உன்னுடையது. சொல்லிக்கொடுக்க உனக்கு ஒருவரும் இல்லை. வேகவதி ஆற்று மணலில் நீ வீசுவாய், நான் கயிறு பிடித்து அளப்பேன். "இன்னாடா குள்ளா, வட்டு போற தூரத்துக்கு நீ போறதுக்குள்ள பொழுது சாஞ்சிடுது" என்பாய். அறுபதுகளின் கடைசி அது. மாவட்டத்தில் மூன்று வருஷம் உன்னை மிஞ்ச ஆள் இல்லை. அடுத்தது மெட்ராஸில் மாநிலப் போட்டி. அதில் முதல் மூன்று பேருக்குள் வந்தால் ரயில்வேயில் வேலை என்று சொல்லியிருந்தார்கள். சாயத் தொட்டியை விட்டு வெளியே வர உனக்கு வேறு வழி இல்லை.

போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது நம் தெரு அம்மன் புறப்பாடு வந்தது. "இந்த வருஷம் நீ தோள் குடுக்க வேணாம்டா" என்று நான்தான் சொன்னேன். "நாலு தெரு தூக்கினா தேஞ்சா பூடுவேன்? போடா" என்றாய். அம்மன் பல்லக்கின் ஒரே தண்டில் நான் முன்னால், நீ எனக்குப் பின்னால். என் உயரத்துக்குத் தண்டு எட்டாது. துண்டை நாலாக மடித்துத் தோளில் வைத்துத்தான் நான் முட்டுக் கொடுப்பேன்.

இதை உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. மூன்றாவது தெருவில் தோள் எரிந்தது. துண்டை உருவிவிட்டேன். தண்டுக்கும் என் தோளுக்கும் நடுவே நாலு விரல் சந்து. கையை மட்டும் தண்டில் வைத்துக்கொண்டு, சுமக்கிறவன் மாதிரி நடந்தேன். வெட்கங்கெட்டவன் நான். தெருமுனைப் பள்ளத்தில் முன்பாரம் மொத்தமும் உன் வலது தோளில் இறங்கியது. மட்டை முறிகிற மாதிரி ஒரு சத்தம். திரும்பினேன். நீ என் முகத்தைப் பார்க்கவில்லை, கையிலிருந்த துண்டைப் பார்த்தாய். அப்படியே கோயில் வாசல்வரை தூக்கிவந்தாய்.

மறுநாள் தெருவே வந்து விசாரித்தது. "காலைல மைதானத்துல வழுக்கி வுழுந்துட்டேன்பா" என்றாய். அந்த மாதம்தான் எனக்குப் பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மனைச் சுமப்பதில் ஏமாற்றியவன் என்று தெரிந்தால் எவன் பெண் கொடுப்பான்? அது உனக்குத் தெரியும்.

தோளில் கட்டோடு மெட்ராஸுக்கும் போய்வந்தாய். நான் தலைவலி என்று வீட்டில் படுத்துக்கொண்டேன். "வட்டு போவல குள்ளா, மூணு வாட்டியும் போவல" என்று திரும்பிவந்து சொன்னாய். அதோடு சரி, இருபத்தாறு வயதில் உன் ஆட்டம் முடிந்தது. மறுபடியும் சாயத் தொட்டி. என் கல்யாணப் பந்தியில் இடது கையால் பரிமாறக் கூடாதென்று, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கடைசி இலைவரை வலது கையாலேயே பரிமாறினாய். ஒருநாளாவது என்னைத் திட்டியிருக்கலாம் நீ. சாகும்வரை தினம் சாயங்காலம் என்னோடு டீ குடித்தாய், அதுதான் தாங்கவில்லை.

இன்று வாசலில் செருப்பு மாட்டும்போது உன் மகள் கேட்டாள். "மாமா, அப்பா மைதானத்துல விழுந்தப்ப நீங்க கூட இருந்தீங்களாமே. எப்படிதான் ஆச்சு அது?"

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். நீ இல்லை, என் மனைவியும் போய்ச் சேர்ந்துவிட்டாள், தெருவில் அந்தக் காலத்து ஆள் ஒருவரும் இல்லை. நான் பயப்படுவதற்கு யாருமே மிச்சமில்லை.

"மழை பேஞ்ச ஈரம்மா. கால் வழுக்கிடுச்சு" என்றேன்.